கிருமி என்று சொன்னது நான்தான்

சுண்ணாம்பு அரித்த கையால் என் தலையைத் தட்டி எழுப்பும் பாவாயக்காவுக்கு,

உனக்குப் படிக்கத் தெரியாது. உயிரோடு இருந்திருந்தாலும் இந்தக் கடிதத்தை யாராவது படித்துத்தான் காட்டியிருக்க வேண்டும். அதனால்தான் உறையில் போட்டு ஒட்டாமல் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஊர் கூடி உன்னைக் கொன்றது. ஊர் கூடியே இதைப் படிக்கட்டும்.

நீ செத்து ஐந்து மாதம் ஆகிறது. மாசியில் அடித்தார்கள், இப்போது ஆடி. காலமானாய், இறைவனடி சேர்ந்தாய் என்றெல்லாம் எழுத எனக்குக் கை வரவில்லை. மண்வெட்டிக் காம்பால் அடித்தார்கள். கண்ணில் நீற்றாத சுண்ணாம்பை அள்ளிக் கொட்டினார்கள். நீ செத்தாய். இப்படித்தான் எழுதுவேன். எனக்கு மெல்லப் பேசத் தெரியாது என்று நீயே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்? "உன்ற வாய்ல வார்த்த வாரப்பவே முள்ளோட வருது சாமி."

வருகிற புதன்கிழமை சேலம் கோர்ட்டில் உன் கொலை வழக்கு. என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உன்னை முதலில் அடித்தது சென்னியப்பன் இல்லை அக்கா. நான்.

உன்னை அறியாதவர்கள் படிக்கிறார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். நீ பொறுத்துக்கொள்.

ஓமலூருக்கு மேற்கே ஓர் ஏரி. அதன் கரையில் நீயும் உன் புருஷன் கருப்பண்ணனும் ஒரு காளவாய் வைத்திருந்தீர்கள். ஏரிச் சேற்றில் இறங்கிச் சிப்பி எடுப்பீர்கள். சதையை வேகவைத்துத் தின்பீர்கள், ஓட்டைக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்குவீர்கள். சுற்றுவட்டாரத்தில் வெள்ளையடித்த சுவர் எல்லாம் உன் சுண்ணாம்பு. வெற்றிலையில் தடவியதும் உன் சுண்ணாம்பு. இருந்தும் உங்களுக்கு ஊர் வைத்த பெயர் 'சிப்பித்தின்னி'. அதைச் சொல்லிவிட்டு, காறித் துப்பிவிட்டு, பிறகு சுண்ணாம்பு கேட்பார்கள். நீயும் சிரித்துக்கொண்டே அள்ளிப் போடுவாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஏன் பதிலுக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை நீ?

நான் வெண்ணந்தூர்த் தறிக்காரர் வீட்டுப் பையன். தறியில் உட்காராமல் சென்னைக்குப் போய் விலங்கு நூல் படித்தவன். அங்கே ஒரு பேராசிரியரிடம், கண்ணுக்குத் தெரியாத உயிர்களைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டிச் சாயமேற்றி வைப்பது என் வேலை. ஆறு கடலில் கலக்கிற கழிமுகத்தில், பாதி உப்பும் பாதி நல்ல தண்ணீருமாக இருக்கிற இடத்தில், ஒரு சிப்பி உண்டு. அதன் செவுளைப் பிய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் உள்ளே ஒரு கூட்டமே குடியிருக்கும். பூசணி விதை மாதிரித் தட்டையாக, உடம்பெல்லாம் மயிரிழை முளைத்து, செவுளின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும் உயிர்கள். உப்பையே பார்த்திராத உள்நாட்டு ஏரிச் சிப்பிக்குள்ளும் இதே ஜாதி இருக்கிறதா, வேறு ஜாதியா? இதுதான் பேராசிரியரின் கேள்வி. உன் மாவட்டம்தானே, போய்ப் பார் என்று மைக்ராஸ்கோப்பைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஊருக்குள் எனக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை. சிப்பி நாறும் என்றார்கள். நாறத்தான் செய்யும். நீதான் உன் குடிசையின் ஓரத்தில், ஓடு குவித்து வைக்கிற சாய்ப்பைக் காலி செய்து கொடுத்தாய். அரிசிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் மைக்ராஸ்கோப்பை வைத்தேன். ஜன்னல் இல்லாததால் ஓலையில் ஒரு சதுரம் வெட்டினாய். அந்தச் சதுரத்தின் வழியே வந்த வெளிச்சத்தில்தான் என் வேலை முழுக்க நடந்தது.

நீ முதல்முதலாக அதில் கண் வைத்த நாள் நினைவிருக்கிறதா?

"ஒரு கண்ண மூடு அக்கா."

"மூடிட்டேஞ் சாமி. ஒண்ணும் தெரியலியே."

"மூடுன கண்ண வெச்சுப் பாத்தா எப்படித் தெரியும்? தொறந்த கண்ண வையி!"

"அதுக்கு ஏன் இப்படி எரிஞ்சு உழுகற? ... அடி ஆத்தே! ஓடுதுக! கோயில் நோம்பிக் கூட்டமாட்ட ஓடுதுக சாமி!"

இருபது வருஷமாக நீ தின்ற சிப்பிக்குள் இத்தனை உயிர் என்றதும் நீ முகம் சுளிப்பாய் என்று நினைத்தேன். நீ வேறு கேள்வி கேட்டாய்.

"இதுக என்னத்தத் திங்குதுக?"

"சிப்பியோட கோழைய. சிப்பி வடிகட்டி வெச்சதுல துளி."

"சிப்பிக்கு நோவுமா?"

"பாத்த வரைக்கும் நோவுற மாதிரி தெரியல."

"தண்ணிக்குள்ள தனியா உட்டா?"

"ஒரு பகல் தாங்காது. செத்துரும். செவுள விட்டா அதுக்கு வேற ஊடு இல்ல."

"அப்ப ஒட்டுக்குடின்னு சொல்லு! ஊட்டோரமா ஒரு சாய்ப்ப எறக்கிக்கிட்டு, மிஞ்சுனதத் தின்னுக்கிட்டு, ஊட்டுக்காரனையும் கெடுக்காம..." சொல்லிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாய். "உன்னையாட்ட!"

கருப்பண்ண மாமா காளவாய்ப் பக்கத்திலிருந்து சிரித்த சிரிப்பு ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். எனக்குக் கோபம். ஆனால் அன்று மாலை ஸ்லைடுகளுக்குச் சீட்டு ஒட்டும்போது ஒவ்வொன்றிலும் 'ஒட்டுக்குடி' என்றே எழுதினேன். கேலிக்காகத்தான் எழுதினேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பத்து வருஷம் படித்தவனுக்குக் கிடைக்காத சரியான சொல் உனக்கு ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிட்டது என்ற எரிச்சல்தான் அது.

அந்தச் சொல்லை நான் வாயாலும் பழகியிருந்தால் நீ இன்று உயிரோடு இருப்பாய்.

தை கடைசியில் பேதி வந்தது. முதலில் மேலத் தெருவில் ஒரு கிழவர். பிறகு வாரம் முடிவதற்குள் மூன்று தெருவில் ஓலம். சுகாதார இலாகா ஆள் வந்தார். தண்டோரா போட்டார்கள். "தண்ணீலே கிருமி இருக்குது, காய்ச்சிக் குடிங்க" என்று தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனான் தண்டோராக்காரன். கிணறுகளில் சிவப்பு மருந்தைக் கரைத்து ஊற்றினார்கள். தண்ணீர் ரத்தம் மாதிரி ஆனதைப் பார்த்துப் பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

அதுவரைக்கும் அந்த ஊரில் 'கிருமி' என்று ஒருத்தர் வாயிலும் ஒரு சொல் கிடையாது. ஒரே வாரத்தில் அது பேய்க்குச் சமமானது. குழந்தைகள் கூட 'கிருமி வருது' என்று துரத்தி விளையாடின. ஆனால் அது எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு எல்லோரும் உருவம் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் ஒருவன்தான் அந்த ஊரில் கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுகிற கருவி வைத்திருந்தேன். இது எனக்கு அப்போது உறைத்திருக்க வேண்டாமா? கருவியைத் துடைக்கத் தெரிந்தவனுக்கு, அதைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்க்கத் தெரியவில்லை.

நீ என்ன செய்தாய்? செத்தவர்களின் குழிக்குப் போடச் சுண்ணாம்பு சுமந்தாய். கேட்காமலே கொண்டுபோய் வைத்தாய். சென்னியப்பன் மகள் செத்தபோதும் நீதான் சுமந்தாய். ஏழு வயசுப் பெண். குழிக்குள் சுண்ணாம்பைத் தூவிவிட்டு வந்து நீ சோறு தின்னவில்லை.

மறுநாள் சென்னியப்பன் சாய்ப்புக்கு வந்தான். ஏரிக்குக் கீழே நாலு ஏக்கர் வைத்திருந்த குடியானவன், கோபக்காரன் என்று பெயரெடுத்தவன் இல்லை. கூட இரண்டு பேர். மகளைப் புதைத்த மண் அவன் கால் நகத்தில் இன்னும் இருந்தது. நீ ஏரியில் இருந்தாய். நான் ஒரு புதுச் செவுளை அப்போதுதான் பிய்த்து வைத்திருந்தேன். சொட்டு உலர்வதற்குள் பார்த்து வரைய வேண்டும். உலர்ந்தால் அத்தனையும் செத்துவிடும், மறுபடி முதலிலிருந்து. அவசரம். எனக்கு எப்போதுதான் அவசரம் இல்லை?

"ஏனுங் தம்பி, இதுக்குள்ளாற என்னமோ தெரியுதுன்னு சொன்னாங்க. பாக்கலாமுங்களா?"

பார்க்கவிட்டேன். சீக்கிரம் போகட்டும் என்றுதான். அவன் குனிந்தான். வெகு நேரம் நிமிரவில்லை.

"ஓடுதுங்களே தம்பி. உசுருங்களா?"

"உசுரு இருக்கறதாலதானே ஓடுது."

"இது அந்த ஏரிச் சிப்பிக்குள்ள இருக்கறதுங்களா?"

"ஆமாங்க. செவுள்ல."

"இதானுங்களா கிருமி?"

நான் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

"ஆமாங்க, கிருமிதான். கொஞ்சம் அக்கட்டால நகருங்க, வெளிச்சம் மறைக்குது."

அவ்வளவுதான் அக்கா. நான் படித்த புத்தகத்தில் கண்ணுக்குத் தெரியாத உயிர் எல்லாம் கிருமிதான். மண்ணில் இருப்பதும் கிருமி, மோரில் இருப்பதும் கிருமி. நான் பொய் சொல்லவில்லை. ஆனால் மகளைப் புதைத்துவிட்டு வந்தவன் கேட்டது புத்தகத்துக் கிருமியை இல்லை. 'ஆனால் இது பேதிக் கிருமி இல்லீங்க, இது மனுஷனை ஒண்ணும் பண்ணாது' என்று இன்னொரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மூச்சு கூடப் பிடிக்காது. உன்னிடம் இதையெல்லாம் சொன்னேனே, ஒரு பகல் தாங்காது, சிப்பியைக் கூட நோகடிக்காது என்று? அவனிடம் சொல்லவில்லை. வெளிச்சம் மறைக்கிறது என்றேன்.

அவன் என் கையைப் பார்த்தான். ஓட்டுக் குவியலைப் பார்த்தான். ஓலைச் சதுரத்தின் வழியே ஏரியைப் பார்த்தான். அங்கே நீ இடுப்பளவு தண்ணீரில் நின்று காலால் சிப்பி துழாவிக்கொண்டிருந்தாய்.

"செரிங்க தம்பி. ரொம்ப உபகாரமுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனான்!

விடிந்து வெயில் ஏறுவதற்குள் வந்தார்கள். நாற்பது பேருக்குக் குறையாது. மாமா சுண்ணாம்பு மூட்டையோடு ஓமலூர்ச் சந்தைக்குப் போயிருந்தார். நீ காளவாயைப் பிரித்து, சுட்ட ஓட்டைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாய். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

"ஏண்டி, கிருமிய வளத்தி எங்க ஏரில உடறயா?"

உனக்குப் புரியவில்லை. நீ சிரித்தாய். வழக்கமான அந்தச் சிரிப்பு. "என்னத்த வளத்தறேன்? கோழி கூட வளத்துலீங்களே!"

"சிரிக்கறா பாரு! படிச்சவரே சொல்லிப்போட்டாரு. சிப்பிக்குள்ளாற இருக்கறது கிருமிதான்னு வாயால சொன்னாரு. சென்னியப்பன் கண்ணால பாத்திருக்கறான்."

நீ என்னைப் பார்த்தாய் அக்கா. சாய்ப்பு வாசலில் நின்றுகொண்டிருந்த என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. 'இவிய என்ன சொல்றாங்க, கொஞ்சம் வெளங்கச் சொல்லு சாமி' என்கிற பார்வை. உன் உயிர் முழுக்க அந்த நேரத்தில் என் நாக்கில் இருந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காட்டுமிராண்டிகளா!" என்றேன். "போலீஸ்ல சொல்லி உள்ள தள்ளிருவேன்" என்றேன். "முட்டாப் பசங்களா, உங்களுக்கு என்ன தெரியும்?" என்றேன். அப்போதும் அந்த இரண்டாவது வாக்கியம் வரவில்லை. கத்தினேன், திட்டினேன், விளக்கவில்லை.

இரண்டு பேர் என் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்தார்கள். முறுக்கும்போதே, "தம்பி, நீங்க படிச்ச புள்ள, இதுல வாராதீங்க" என்று மரியாதையாகச் சொன்னார்கள். என் சுண்டு விரல் முறிந்தது. அது இன்னும் நேராகவில்லை. பேனா பிடிக்கும்போது தனியாக நிற்கிறது.

இன்னொரு கூடையிலிருந்த பச்சைச் சிப்பியைக் கல்லில் உடைத்து உன் வாயருகே நீட்டினான் ஒருவன். "கிருமி இல்லீன்னா தின்னுடி பாக்கலாம்!"

நீ வாங்கித் தின்றாய். பச்சையாக, சேற்றோடு, எல்லோரும் பார்க்க. "இருவது வருசமாத் தின்னுட்டுத்தான சாமி இருக்கறேன். எனக்கு என்ன ஆயிப்போச்சு?" என்றாய். தப்பித்துவிட்டாய் என்று நினைத்தேன். எனக்கே மூச்சு வந்தது.

பிறகு கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெண் குரல்: "பாத்தீங்களா? நம்ம புள்ளைகளத் திங்குது, அவள ஒண்ணும் பண்ணுல! அவ சொன்ன பேச்சுக் கேக்குது அந்தக் கிருமி!"

அந்த இடத்தில்தான் உன்னைக் கொன்றார்கள். முதல் அடி சென்னியப்பன் கையிலிருந்த மண்வெட்டிக் காம்பு. காதுக்கு மேலே. நீ உட்கார்ந்துவிட்டாய். "என்ற புள்ள! என்ற புள்ள!" என்று கத்திக்கொண்டே அடித்தான். பிறகு யார் எங்கே அடித்தார்கள் என்று எண்ண முடியவில்லை. உன் கூடையிலிருந்த சுண்ணாம்பையே எடுத்து உன் முகத்தில் கொட்டினார்கள். யாரோ ஒருவன் குடத்துத் தண்ணீரை ஊற்றினான். சுண்ணாம்பு கொதித்தது. நீ கத்தியதை எழுத மாட்டேன். அதைக் கோர்ட்டிலும் சொல்ல மாட்டேன், கேட்டாலும்.

குடிசைக்குத் தீ வைக்கப் போனபோது ஒருவன் தடுத்தான். உன்னைக் காப்பாற்ற இல்லை. "டேய், பொறுங்கடா, உள்ளாற சர்க்கார் சாமான் இருக்குது!" என்று ஓடிப்போய் மைக்ராஸ்கோப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். வேப்பமரத்தடியில் மெதுவாக இறக்கி வைத்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து மூடினான். அதற்குப் பிறகுதான் கொளுத்தினார்கள். அந்தக் கருவியில் ஒரு கீறல் இல்லை அக்கா. ஒரு கீறல் கூட இல்லை.

அன்று முழுக்க ஏரிச் சிப்பியை வாரி வாரிக் கரையில் போட்டு உடைத்தார்கள். அது அழுகி, ஒழுகி, திரும்ப ஏரிக்குள்ளேயே இறங்கியது. பேதி நிற்கவில்லை. நீ போன பிறகும் அந்த ஊரில் பிணம் போனது. அப்போது யாராவது 'பாவாயி செத்த பிறகும் ஏன் வருகிறது?' என்று கேட்டார்களா? ஒருவரும் கேட்கவில்லை. மழை வந்த பிறகு தானாக ஓய்ந்தது.

பேதி எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. அதை இங்கே எழுதப்போவதில்லை. நான் சோதித்துப் பார்க்கவில்லை. சோதிக்காத ஒரு சொல்லை இன்னொரு வீட்டின் மேல் வீச இனி எனக்குக் கை வராது.

இப்போதைய சேதி கேள். காளவாய் இடிந்து கிடக்கிறது. ஊர் ஓமலூரிலிருந்து சுண்ணாம்பு வாங்குகிறது, அது சுவரில் நிற்காமல் உதிர்கிறது என்று குறை வேறு. ஆறு பேர் ஜெயிலில் இருக்கிறார்கள். யுத்தம் இன்னும் முடியவில்லை, மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை. தீக்கு முன்பே நான் அனுப்பியிருந்த ஸ்லைடுகளைத் திருப்பியனுப்பி, என் பேராசிரியர் கடிதம் போட்டிருக்கிறார். ஏரிச் சிப்பியில் இருப்பது வேறு ஜாதிதானாம், கழிமுகத்து ஜாதி இல்லையாம். சந்தோஷமாம். வழக்கு கிழக்கு என்று அலையாமல் உடனே வந்து வேலையில் சேர் என்கிறார். பதில் போடவில்லை.

போன வாரம் சர்க்கார் வக்கீல் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "யார் யார் அடித்தார்கள், எதனால் அடித்தார்கள், அதை மட்டும் சொல்லு. நீ 'கிருமி' என்று சொன்னதை வாயே திறக்காதே. திறந்தால் எதிர்க்கட்சி வக்கீல் பிடித்துக்கொள்வார். படித்தவன் சொன்னதை நம்பி, பிள்ளை செத்த வெறியில் செய்துவிட்டான் என்று தண்டனையைக் குறைத்துவிடுவார்கள்."

அடுத்த நாளே எதிர்க்கட்சி வக்கீலின் குமாஸ்தா நான் தங்கியிருக்கும் விடுதிக்கு வந்தான். வெற்றிலையை மென்றுகொண்டே, "தம்பி, நீங்க 'ஆமாங்க, கிருமிதான்'னு சொன்னீங்க பாருங்க, அத மட்டும் சொல்லிட்டு எறங்கிருங்க. அதுக்கு மேல ஒரு வார்த்த வேண்டாமுங்க" என்றான்.

பார்த்தாயா? இவனுக்கும் பாதி வேண்டும், அவருக்கும் பாதி வேண்டும். பாதி சொன்னதால்தான் நீ செத்தாய்.

உண்மையைச் சொல்கிறேன். சென்னியப்பன் தூக்கில் தொங்க வேண்டும் என்று எனக்கு வெறி இருக்கிறது. குளிக்கும்போது இருக்கிறது, சாப்பிடும்போது இருக்கிறது. அந்த மண்வெட்டிக் காம்பை நானே எடுத்து அவன் காதுக்கு மேலே போட வேண்டும் போல இருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டால் அவன் தொங்குவான். ஆனால் மூடிக்கொண்டால், 'சிப்பியில் கிருமி வளர்த்தவள்' என்ற பேச்சுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாமல் போகும். என்னைத் தவிர அதை உடைக்கத் தெரிந்தவன் இந்த மாவட்டத்தில் இல்லை. நான் யாரைக் கேட்பது?

மாமாவைத் தேடிக்கொண்டு மேச்சேரி போனேன். சொந்தக்காரர் பட்டியில் ஆடு மேய்க்கிறார். பாதியாகிவிட்டார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் அவர் காலில் விழவில்லை, அழவும் இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பென்சில் சீவியது, வெளிச்சம் மறைத்தது, ஒன்று விடாமல்.

அவர் வெகு நேரம் ஓர் ஆட்டுக்குட்டியின் காதில் உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தார். பிடுங்கி, கல்லில் வைத்து நசுக்கி, அடுத்ததைத் தேடினார். என்னை அடித்திருக்கலாம். அடிப்பார் என்று காத்திருந்தேன்.

"அவனத் தூக்குல போட்டா இவ எந்திரிச்சு வருவாளா?" என்றார் கடைசியில்.

"வரமாட்டா மாமா."

"சந்தைக்குப் போனாக் கூட, வெசம் வெச்சவ புருசன்னு அக்கட்டால போறானுங்க சாமி. என்னைய உடு. செத்தவள எதுக்கு இன்னமும் அடிச்சுக்கிட்டே இருக்கறானுங்க? நீ போட்ட பேரு அது. நீயே எடுத்துப்போடு."

பிறகு என் கையைப் பார்த்தார். "வெரலு ஏன் கோணலா நிக்குது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். புதன்கிழமை மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போகிறேன். ஜட்ஜ் பார்க்கச் சம்மதித்தால் காட்டுவேன், சம்மதிக்காவிட்டால் வாயால் சொல்வேன். யார் அடித்தார்கள் என்று பெயர் பெயராகச் சொல்வேன். அதற்கு முன்னால் நான் சொன்ன சொல்லைச் சொல்வேன். அதற்குப் பின்னால் நான் சொல்லாமல் விட்டதைச் சொல்வேன். சென்னியப்பனுக்குத் தூக்கோ, குறைவோ, அது அவர்கள் பாடு. எனக்குத் தண்டனை கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று சர்க்கார் வக்கீல் சிரித்தார். தெரியும். அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஸ்லைடுகளையும் சாட்சியாகக் கொடுக்கப்போகிறேன். அவற்றில் ஒட்டிய சீட்டை யாரும் மாற்றவில்லை. 'ஒட்டுக்குடி' என்றே இருக்கிறது. அது என்ன வார்த்தை என்று ஜட்ஜ் கேட்பார். யார் வைத்த பெயர் என்று கேட்பார். உன் பெயரை அந்தக் கட்டடத்தில், செத்தவளின் பெயராக இல்லாமல், ஒன்றைச் சரியாகக் கண்டு சொன்னவளின் பெயராக ஒரு தடவையாவது எழுதவைப்பேன்.

உயிருள்ள சிப்பி வேண்டும். சிப்பியை வாரி உடைத்த நாளுக்குப் பிறகு அந்த ஏரியில் யாரும் இறங்கவில்லை. எனவே செவ்வாய்க்கிழமை காலையில் நானே இறங்குகிறேன். 'தறிக்காரப் புள்ளைக்குத் தண்ணியக் கண்டா ஒதறல்' என்று என்னைக் கேலி செய்வாயே, உதறிக்கொண்டேதான் இறங்குவேன். நீ துழாவுகிற மாதிரி உள்ளங்காலால் சேற்றைத் துழாவுவேன். கரையில் ஊர் நின்று பார்க்கும். பார்க்கட்டும். அவர்களில் ஒருவன் கேட்பான், கட்டாயம் கேட்பான்: "தம்பி, அதுக்குள்ள கிருமிதானுங்களே?"

அப்போது பென்சில் சீவ மாட்டேன் அக்கா. வெளிச்சம் மறைக்கிறது என்று சொல்ல மாட்டேன். தண்ணீரை விட்டு ஏறி வந்து, அவன் எதிரில் நின்று, அவனுக்கு விளங்குகிற வரைக்கும், பொழுது சாய்ந்தாலும், சொல்லிக்கொண்டே இருப்பேன். அவனுக்கு விளங்காவிட்டால் அடுத்தவனுக்கு. உயிர் இருக்கிற வரைக்கும் இனி நான் எந்தப் பேச்சையும் பாதியில் விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன்ற ஊட்டுச் சாய்ப்பில் குடியிருந்து, ஊட்டையே கெடுத்த ஒட்டுக்குடி,

உன் தம்பி சின்னசாமி